ஸ்டீராய்டா, சீன மூலிகையா: மகனின் சிறுநீரக நோய்க்கு நாங்கள் எடைபோட்டுப் பார்த்த வழிகள்

மகனுக்கு அப்போது நான்கு வயது. ஒரு நாள் காலையில் எழுந்தபோது கண் இமை இரண்டும் உப்பியிருந்தன. கொசுக்கடி என்று நினைத்தோம். சாயங்காலத்துக்குள் வற்றிவிட்டது. மறுநாள் காலையில் மறுபடி உப்பல். கிளினிக்கில் அலர்ஜி என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் அவன் கால்சட்டை இடுப்பில் ஏறவில்லை. சிறுநீர் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்து, நுரை அடங்காமலே நின்றது. நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்ற பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டோம். ரத்தத்தில் தங்க வேண்டிய புரதத்தைச் சிறுநீரக வடிகட்டி வெளியே விட்டுவிடுகிறது, அதனால் உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார்.

ஸ்டீராய்டு கொடுத்தார்கள். பத்தே நாளில் வீக்கம் வடிந்தது. மருந்தைக் குறைத்ததும் நோய் திரும்பியது. ஒன்றரை வருடத்துக்குள் நான்கு தடவை இப்படி நடந்தது. நான்காம் தடவை அவன் முகம் நிலா மாதிரி உருண்டிருந்தது, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சோறு கேட்டான், பாலர் பள்ளியில் பிள்ளைகள் பலூன் என்று கூப்பிட்டார்கள். நாங்கள் பினாங்கில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி அவனைப் பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்தவர். அவர்தான் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என் தங்கை பேரனுக்கும் கிட்னியில்தான் பிரச்சினை. சின்சே கொடுத்த கஷாயத்தில் ஒரே மாதத்தில் சரியாகிவிட்டது. நான் கூட்டிக்கொண்டு போகிறேன், வா." சீன வைத்தியரை இங்கே சின்சே என்பார்கள்.

செருப்பை மாட்டிக்கொண்டு அப்போதே கிளம்பியிருப்பேன். கணவர்தான் ஒரு மாதம் பொறு, எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம் என்றார். அந்த மாதத்தில் டாக்டரிடமும் சின்சேக்களிடமும் மருந்தாளரிடமும் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு ஒரு மாதம் மிச்சமாகட்டும்.

முதலில் எங்களுக்குப் புரிந்தது, குழந்தைகளின் சிறுநீரக நோய் என்பது ஒரே நோய் இல்லை என்பது. தொண்டைப்புண் வந்து ஒன்றிரண்டு வாரத்திலோ, தோல்புண் வந்து சில வாரம் கழித்தோ சிறுநீர் தேநீர் நிறத்தில் போகும் ஒரு வகை உண்டு. ரத்த அழுத்தத்தை மட்டும் கவனித்துக்கொண்டால், பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரங்களில் அது தானாகவே அடங்கிவிடும். பிறவியிலேயே சிறுநீர்ப் பாதையில் அடைப்போ, சிறுநீர் மேலே திரும்பிப் போகும் கோளாறோ இருப்பது இன்னொரு வகை. குழாயில் இருக்கும் கோளாறை எந்தக் கஷாயமும் எந்த மாத்திரையும் நேராக்காது, வளர வளரத் தானாகச் சரியாகாவிட்டால் அங்கே அறுவைச் சிகிச்சை நிபுணர்தான் வேண்டும். நோய் எதிர்ப்புப் புரதம் ஒன்று சிறுநீரக வடிகட்டியில் படிவதால் வரும் ஐஜிஏ நெஃப்ரோபதி தனி. எங்கள் மகனுக்கு வந்த நெஃப்ரோடிக் தனி.

ஆன்ட்டியிடம் மறுபடி போய் உட்கார்ந்து, தங்கை பேரனுக்கு என்னதான் ஆனது என்று கேட்டேன். காய்ச்சலும் தொண்டைவலியும் வந்து, அப்புறம் சிறுநீர் தேநீர் நிறத்தில் போனதாம். நான் சொன்ன முதல் வகை அப்படியே. அந்தப் பையன் தேறியது உண்மை, ஆன்ட்டி சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் கஷாயம் இல்லாமலும் அவன் தேறியிருக்க வாய்ப்பு மிக அதிகம். நெஃப்ரோடிக்கில் வேறு மாதிரி ஏமாற்றம் இருக்கிறது. இந்த நோய் வரும், போகும், மறுபடி வரும். போகும் நேரத்தில் எதைக் கொடுத்திருந்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். ஒரு குழந்தை தேறிய கதையை வைத்து இதில் முடிவெடுக்கவே முடியாது. அதற்காகத்தான் பாதிக் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

சரி, ஸ்டீராய்டிலிருந்து தொடங்குகிறேன். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தால் இந்த நோயுள்ள நூறு குழந்தைகளில் 85 முதல் 90 பேருக்கு நான்கு வாரத்துக்குள் சிறுநீரில் புரதம் நின்றுவிடுகிறது. முதல் தடவைக்கான முறை ஏறக்குறைய உலகம் முழுக்க ஒன்றுதான்: உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம் தினமும் நான்கு அல்லது ஆறு வாரம், பிறகு 40 மில்லிகிராம் ஒருநாள் விட்டு ஒருநாள் அதே அளவு காலம். ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் வருவதற்கு முன்னால் இந்தக் குழந்தைகளில் பலர் வயிற்றுக்குள் தொற்று வந்து இறந்துபோனார்கள். புரதத்தோடு சேர்ந்து நோயை எதிர்க்கும் சக்தியும் சிறுநீரில் போய்விடும் என்பதுதான் காரணம். இன்றைக்கும் வீங்கிய குழந்தைக்குக் காய்ச்சலோடு வயிற்றுவலி வந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குறைகளும் சின்னவை இல்லை. முகம் உப்பும், பசி எடுக்கும், குணம் மாறும். நீண்ட நாள் கொடுத்தால் உயரம் கூடுவது மந்தமாகலாம், கண்ணில் புரை விழலாம், எலும்பு மெலியலாம், ரத்த அழுத்தம் ஏறலாம். மருந்து ஓடும்போது அம்மை வந்த குழந்தையின் பக்கத்தில் இருந்தால்கூட உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தெம்பைக் கொடுத்தது. இந்த மருந்தைக் கொடுப்பவர்கள்தான் இதை எவ்வளவு குறைக்கலாம் என்றும் விடாமல் சோதிக்கிறார்கள். பிரிட்டனில் 237 குழந்தைகளை வைத்து முதல் சிகிச்சையை 8 வாரத்தில் நிறுத்துவதையும் 16 வாரத்துக்கு நீட்டுவதையும் ஒப்பிட்டார்கள். 2019ல் முடிவு வந்தது. நோய் முதல்முறை திரும்புவதற்கு ஆகும் காலத்தில் வித்தியாசம் இல்லை. அப்படியென்றால் எத்தனையோ குழந்தைகளுக்கு அந்தக் கூடுதல் எட்டு வாரம் வேண்டியதே இல்லை.

ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும் குழந்தைகளிலும் பாதிப் பேர் வரை அடிக்கடி நோய் திரும்பும் கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். எங்கள் மகனும் அதில் ஒருவன். இந்த இடத்தில்தான் பெற்றோர் மூலிகை பக்கம் திரும்புகிறார்கள். ஸ்டீராய்டு வேலை செய்யவில்லை என்பதால் அல்ல, இன்னும் எத்தனை வருடம் இதையே கொடுப்பது என்ற பயம்தான். அதனால் மூலிகையை ஸ்டீராய்டோடு ஒப்பிடுவது சரியான ஒப்பீடு இல்லை. ஸ்டீராய்டைக் குறைப்பதற்கென்றே இருக்கும் மற்ற மருந்துகளோடுதான் ஒப்பிட வேண்டும். எங்களுக்கு இது புரியவே இரண்டு வாரம் ஆனது.

அந்த மருந்துகளில் மென்மையானது லெவமிசோல். ஒரு காலத்தில் வயிற்றுப் பூச்சிக்குக் கொடுத்த மாத்திரை. ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பது. வெள்ளை அணுக்கள் குறைகின்றனவா என்று ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். 2018ல் வந்த ஒரு ஆய்வில் 99 குழந்தைகளில் ஒரு பகுதிக்கு இதையும் மறு பகுதிக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்தார்கள். ஒரு வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் லெவமிசோல் பக்கம் நூற்றுக்கு 26, வெற்று மாத்திரை பக்கம் 6. நூற்றுக்கு 26 என்பது பெரிய எண் இல்லைதான். ஆனால் அது நேர்மையான எண். எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று எங்களுக்குத் தெரிந்தது.

சைக்ளோபாஸ்பமைட் என்ற பெயரைக் கேட்டாலே பயம் வரும், புற்றுநோய்க்கும் கொடுப்பது. இந்த நோய்க்கு 8 முதல் 12 வாரம் மட்டும். எதிர்காலத்தில் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கலாம் என்பதால், மொத்தமாக உடல் எடையில் கிலோவுக்கு 168 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இந்த வரம்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மூலிகைக் கதையில் இது மறுபடி வரும். மைக்கோபீனோலேட், சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் எல்லாம் மாதக்கணக்கில் கொடுப்பவை. கடைசி இரண்டும் நெடுநாளில் சிறுநீரகத்தையே கெடுக்கலாம் என்பதால் ரத்தத்தில் அவற்றின் அளவைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். ரிட்டுக்சிமாப் ஊசி ஜப்பானில் 48 பேரிடம் சோதிக்கப்பட்டு 2014ல் முடிவு வந்தது. நோய் திரும்பாமல் இருந்த நாள்களின் நடு மதிப்பு 267, மருந்தில்லாத பக்கம் 101. விலை அதிகம், எங்கள் மகனின் நிலைக்கு அது இப்போது தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இனி சீன மருத்துவம். இதை ஏளனமாகப் பேச எனக்கு மனம் வராது. குழந்தைகளுக்கென்று தனி மருத்துவம் வேண்டும் என்பதை மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்த மரபு அது. சோங் அரச வம்சத்தின் காலத்தில் சியன் யீ என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். அவர் குறிப்புகள் 1119ல் தொகுக்கப்பட்டன. பெரியவர்களுக்குக் கொடுத்துவந்த ஒரு பழைய சிறுநீரக மருந்திலிருந்து, குழந்தைக்குச் சூடு என்று சியன் யீ இரண்டு சரக்கை எடுத்துவிட்டு மீதியை ஆறு சரக்கு மாத்திரையாக்கினார். லியு வெய் தி ஹுவாங் வான் என்ற அந்த மருந்து இன்றும் பினாங்கின் எந்தச் சீன மருந்துக்கடையிலும் கிடைக்கும்.

ஆனால் அந்த மருந்தின் கதையிலேயே ஒரு பெரிய உண்மை இருக்கிறது. சியன் யீ அதைக் கொடுத்தது உச்சிக்குழி மூடாத, வளர்ச்சி பின்தங்கிய குழந்தைகளுக்கு. சீன மருத்துவத்தில் 'ஷென்' என்றால் சிறுநீரகம் என்றுதான் மொழிபெயர்க்கிறார்கள். ஆனால் எலும்பு, வளர்ச்சி, முடி, காது கேட்கும் திறன் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். ஷென் பலவீனமாக இருக்கிறது என்று சின்சே சொன்னால், வடிகட்டி புரதத்தை விடுகிறது என்று அவர் சொல்லவில்லை. ஷென்னுக்கு நல்லது என்று மாத்திரை அட்டையில் எழுதியிருந்தால் அது நெஃப்ரோடிக்குக்கு நல்லது என்று அர்த்தம் இல்லை. நாங்கள் முதலில் இதில்தான் குழம்பினோம்.

நல்ல பக்கத்தை முதலில் சொல்கிறேன். ஜப்பானில் சைரெய்தோ என்ற பெயரில் விற்கும் ஒரு சீன மருந்துக் கலவை, பன்னிரண்டு சரக்கு. லேசான ஐஜிஏ நெஃப்ரோபதி உள்ள குழந்தைகளுக்கு இரண்டு வருடம் இதைக் கொடுத்துப் பார்த்து 1997ல் முடிவு வெளியிட்டார்கள். சிறுநீரில் புரதமும் ரத்தமும் குறைந்தன. ஒப்பீட்டுக்கு இருந்த குழந்தைகளுக்கு மருந்தே கொடுக்கவில்லை, வெற்று மருந்துகூட இல்லை, அதனால் முடிவைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். இருந்தாலும் அது ஒழுங்காக நடந்த முயற்சி. ஹுவாங் சீ என்ற வேர் இன்னொன்று. ஆன்ட்டி கோழி சூப்பில் போடுவாரே, மஞ்சளாகப் பட்டை பட்டையாக இருக்கும், அதுதான். நெஃப்ரோடிக் குழந்தைகளுக்குத் தொற்று வராமல் தடுப்பது பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் 2012ல் ஒரு குழு சேர்த்துப் பார்த்தது. 12 ஆய்வுகள், எல்லாமே சீனாவில் நடந்தவை. அதில் ஹுவாங் சீ துகள்கள் தொற்றைக் குறைக்கலாம் என்று தெரிந்தது. ஆனால் ஆய்வுகள் நடத்தப்பட்ட தரம் குறைவு, உறுதியாகச் சொல்ல முடியாது என்பதும் அவர்கள் முடிவே. அந்த ஆய்வுக் குழந்தைகளுக்கு ஸ்டீராய்டை நிறுத்தவில்லை. இது முக்கியம். சீனாவின் குழந்தை மருத்துவர்கள் எழுதிய வழிகாட்டியும் இந்த நோய்க்கு ஸ்டீராய்டில்தான் தொடங்குகிறது. மூலிகையின் சொந்த ஊரிலேயே அது ஸ்டீராய்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, அதன் இடத்தில் இல்லை.

அப்புறம் லெய் கோங் தெங். இடிதேவன் கொடி என்று பெயருக்கு அர்த்தம். சீன மூலிகைகளில் சிறுநீரகத்தில் உண்மையாகவே வலுவாக வேலை செய்வது இதுதான் என்பது நான் படித்தவரையில் என் அபிப்பிராயம். நான்ஜிங்கைச் சேர்ந்த லீ லெய்ஷி என்ற சிறுநீரக மருத்துவர் 1970களின் பிற்பகுதியில் இதைச் சிறுநீரக அழற்சிக்குக் கொடுக்கத் தொடங்கினார். அதன் வேரிலிருந்து எடுத்த மாத்திரையைச் சீனாவில் குழந்தைகளுக்கும் பல வருடம் கொடுத்தார்கள். புரதம் குறைந்தது. கூடவே கல்லீரல் பாதிப்பு, வெள்ளை அணு குறைவு, ஆண்களுக்கு விந்தணு குறைவு, பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது எல்லாம் வந்தன. 2012ல் சீன அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விடுத்தது. குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மருந்து அட்டையிலேயே வந்துவிட்டது.

சைக்ளோபாஸ்பமைட்டின் வரம்பை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான். இரண்டும் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கலாம். ஒன்றுக்கு எவ்வளவு கொடுத்தால் ஆபத்து என்று எண் இருக்கிறது, எத்தனை வாரத்தில் நிறுத்த வேண்டும் என்று இருக்கிறது, நடுவில் ரத்தம் பார்க்கும் ஆள் இருக்கிறார். மற்றதைக் கஷாயமாகக் கொதிக்க வைத்தால், இந்தக் கட்டு வேரில் எவ்வளவு, போன வாரக் கட்டில் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. என் மாமியார் "மூலிகைதானே, என்ன செய்துவிடப்போகிறது" என்று சொன்னபோது அவருக்கு இதைத்தான் சொன்னேன். வேலை செய்யும் அளவுக்கு வலு இருந்தால் கெடுக்கும் அளவுக்கும் வலு இருக்கும்.

வலு மட்டும் இல்லை, பெயர் குழப்பமும் இருக்கிறது. வீக்கத்துக்கான பழைய கலவைகளில் ஃபாங் சீ என்ற வேர் சேரும். அந்தப் பெயரில் இரண்டு செடிகள் விற்றன. ஒன்று ஹான் ஃபாங் சீ, இன்னொன்று குவாங் ஃபாங் சீ. இரண்டாவதில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற நஞ்சு இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு எடைக்குறைப்பு கிளினிக்கின் மாத்திரையில் முதலாவதற்குப் பதில் இரண்டாவது கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகம் கெட்டது. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்களில் 39 பேருக்குப் பழைய சிறுநீரகத்தையும் குழாய்களையும் எடுத்துச் சோதித்ததில் 18 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. 2000ல் வெளிவந்த கணக்கு இது. சியன் யீ குழந்தைகளுக்குச் சொன்ன இன்னொரு கலவையிலும் இதே மாதிரி நடந்திருக்கிறது. அதில் சேரும் மு தோங் என்ற கொடிக்குப் பதிலாக, பிற்காலத்தில் குவான் மு தோங் என்ற வேறு செடி சந்தையைப் பிடித்தது, அதிலும் அதே நஞ்சு. சீனா 2003ல் குவான் மு தோங்கையும் 2004ல் குவாங் ஃபாங் சீயையும் மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. தைவான் 2003ல் தடை செய்தது. அதற்கு முந்தைய ஆறேழு வருடங்களில் தைவான் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த நஞ்சு இருக்கக்கூடிய சரக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. தொள்ளாயிரம் வருடப் பழைய சீட்டு என்று நம்பிப் போகிறோம். சீட்டு பழையதுதான், கட்டுக்குள் இருக்கும் செடி அதே செடி என்று யார் பார்த்துச் சொல்வது?

இவ்வளவு பயங்கரமில்லாத சாதாரணச் சரக்குகளும் இந்தக் குழந்தைகளுக்கு ஒத்துவராமல் போகலாம். கான் சாவ் என்பது நம் அதிமதுரம்தான், ஏறக்குறைய பாதிச் சீனக் கலவைகளில் இருக்கும். இருமலுக்கு நாமே கொடுப்போம். ஆனால் அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, ரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரெட்னிசோலோன் உடம்பைவிட்டுப் போவதையும் தாமதமாக்கும். ஸ்டீராய்டு எடுக்கும், நீர் போக மாத்திரை எடுக்கும் குழந்தைக்கு இது மூன்று பக்க அடி. மா ஹுவாங் என்ற செடி ரத்த அழுத்தத்தை ஏற்றும். தா ஹுவாங் என்ற வேர் பேதியாக்கும். நெஃப்ரோடிக் குழந்தையின் ரத்தம் ஏற்கெனவே உறையும் போக்கில் இருக்கும், பேதியில் நீர் வற்றினால் ரத்தக்கட்டு வரும் ஆபத்து கூடும். வு வெய் ஸி என்ற சிறு பழம் டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். சீன மருத்துவமனைகளில் இதைத் தெரிந்தே சேர்த்து, விலை கூடிய டாக்ரோலிமஸைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். அளவு பார்த்துக் கொடுத்தால் அது கெட்டிக்காரத்தனம். டாக்டருக்குத் தெரியாமல் வீட்டில் கொடுத்தால் அதே பழம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஒரு சின்ன நடைமுறை விஷயமும் உண்டு. வீங்கிய குழந்தைக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்கச் சொல்வார்கள். கஷாயம் ஒரு வேளைக்கு ஒரு கிண்ணம், இரண்டு வேளை. அந்தக் கணக்கை எங்கே சேர்ப்பது? நான்கு வயதுப் பிள்ளை அந்தக் கசப்பைக் குடித்து வாந்தி எடுத்தால் கூடவே ஸ்டீராய்டும் வெளியே வந்துவிடும்.

இவ்வளவு தெரிந்த பிறகும் நேரில் பார்த்துவிடலாம் என்று இரண்டு இடத்துக்குப் போனோம். ஆன்ட்டியும் கூட வந்தார். முதல் இடத்தில் நாக்கைப் பார்த்தார், நாடி பார்த்தார், மூன்று பொட்டலம் பழுப்பு நிறத் தூள் கொடுத்தார். என்ன சரக்கு என்று கேட்டோம். குடும்ப ரகசியம் என்றார். வெள்ளைக்காரன் மாத்திரையை நாளையிலிருந்து நிறுத்து என்றும் சொன்னார். பல வாரம் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் குழந்தை மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். பெயர் இல்லாத தூளில் இன்னொரு பயமும் உண்டு. மூலிகை என்று விற்கும் தூள்களில் ஸ்டீராய்டையே கலந்து பிடிபட்ட சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு. தப்பி ஓடப் பார்க்கும் அதே மருந்தை அளவு தெரியாமல் கொடுத்துக்கொண்டிருப்போம். அந்தப் பொட்டலங்களைப் பிரிக்கவே இல்லை.

இரண்டாம் இடத்துச் சின்சே வயதானவர். மருத்துவமனைச் சீட்டுகளை எல்லாம் பொறுமையாக வாங்கிப் பார்த்தார். வீக்கத்தோடு இருக்கும் குழந்தையை நான் தொட மாட்டேன், அந்த மாத்திரையை நிறுத்தாதே, சிறுநீர் சுத்தமான பிறகு வா என்றார். அடிக்கடி சளி பிடிக்காமல் இருக்க ஒரு கலவையைச் சீன எழுத்தில் தாளில் எழுதியும் கொடுத்தார், டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்கு என்று. அந்த நேர்மைக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். தாளை மருத்துவமனை மருந்தாளரிடம் கொண்டுபோனோம். ஐந்து சரக்கு. ஹுவாங் சீ இருந்தது, அதிமதுரமும் இருந்தது. மகனுக்கு அப்போது ரத்த அழுத்தம் வரம்பின் ஓரத்தில் நின்றது. டாக்டர் வேண்டாம் என்றார், நாங்களும் விட்டுவிட்டோம்.

எல்லாம் பார்த்த பிறகு லெவமிசோலைத் தேர்ந்தெடுத்தோம். அது அதிசய மருந்து என்பதால் இல்லை. தோற்றால் எப்படித் தோற்கும், எதைப் பார்த்து நிறுத்த வேண்டும், நிறுத்திய பிறகு அடுத்து என்ன என்று எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. தொடங்கிப் பதினொரு மாதம் ஆகிறது. நடுவில் ஒரு தடவை நோய் திரும்பியது. ஸ்டீராய்டு இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள், பழைய அளவில் கால்வாசி. முகம் பழைய முகமாகிவிட்டது. எங்களைவிட மோசமாக நோய் திரும்பும் குழந்தைக்கு இது போதாமல் போகலாம். அப்போது மைக்கோபீனோலேட்டோ வேறொன்றோ பற்றி டாக்டர் பேசுவார். அந்தப் பேச்சு வந்தால் பயப்பட வேண்டாம்.

இதையெல்லாம் படித்த பிறகும் உங்கள் வீட்டில் மூலிகை வேண்டும் என்று முடிவானால், நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஸ்டீராய்டு ஓடிக்கொண்டே இருக்கட்டும். வீக்கம் இருக்கும்போது வேண்டாம், புரதம் நின்ற பிறகு பார்க்கலாம். சரக்கின் பெயர் முழுவதும் எழுத்தில் இருக்க வேண்டும், அந்தத் தாள் உங்கள் சிறுநீரக டாக்டர் கையில் இருக்க வேண்டும். லெய் கோங் தெங் வேண்டாம். ஃபாங் சீ, மு தோங் என்ற பெயர்கள் எந்த அடைமொழியோடு வந்தாலும் வேண்டாம். மலேசியாவில் பெட்டியில் அடைத்து விற்கும் மருந்தில் 'எம்ஏஎல்' எண் இருக்கும், பாரம்பரிய மருந்தென்றால் எண்களுக்குப் பிறகு 'டி' எழுத்து வரும். அது தரத்தையும் பாதுகாப்பையும் பார்த்துக் கொடுத்த எண். நோயைக் குணமாக்கும் என்று நிரூபித்ததற்கு அல்ல. கடையில் நிறுத்துக் கட்டிக் கொடுக்கும் சரக்குக்கு அந்த எண்ணும் கிடையாது.

எந்த வழியில் போனாலும், சிறுநீரில் புரதம் இருப்பதை நிறத்தால் காட்டும் டிப்ஸ்டிக் பட்டையை விட்டுவிடாதீர்கள். காலையில் முதல் சிறுநீரில் நனைத்து நிறத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவது, ஒரு நிமிட வேலை. மூன்று நாள் தொடர்ந்து மூன்று பிளஸ் என்றால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம், கண் உப்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புது மருந்து எதைத் தொடங்கினாலும், மாத்திரையோ மூலிகையோ, தேதியை அதே நோட்டில் எழுதுங்கள். எது வேலை செய்தது என்று ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் பார்க்க எங்களுக்கு அந்த நோட்டு மட்டும்தான் கை கொடுத்தது.

ஆன்ட்டி இன்னமும் ஞாயிற்றுக்கிழமைகளில் சூப் கொண்டுவந்து கொடுக்கிறார். வேரெல்லாம் போடுவதில்லை, கோழியும் கேரட்டும் சோளமும்தான். மகனுக்கென்று உப்பில்லாமல் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றதில் உப்புப் போடுகிறார்.